முப்பத்திரண்டு பல்

2025 ஜனவரி 6, திங்கள்

காலை ரயிலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். நான் கூப்பிடவில்லை. முந்தாநாள் போன் செய்து, "அத்தைங்க, ஒரு பத்து நாள் அங்க வந்து தங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தமயந்தி பிறந்து வளர்ந்த வீடு. அவளைக் கட்டினவருக்கு அதில் தங்க உரிமை உண்டு. என் மகள் போய், மார்ச் வந்தால் நாலு வருஷம்.

இந்த நாலு வருஷத்தில் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். மாப்பிள்ளை முன்னால் மாமியார் நிற்பது எங்களில் வழக்கமில்லை. என் அம்மா சாகும்வரை என் வீட்டுக்காரர் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. எனக்கு வழக்கம் பாதி, கோபம் பாதி.

பதினோரு நாள் என் மகள் சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். பேசுவதற்கு அவள் இல்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடிப் போயிருக்க மாட்டேனா? அதை நான் மறக்கமாட்டேன்.

அட்டைப் பெட்டியில் ஒரு சைக்கிள் கொண்டுவந்திருக்கிறார். மத்தியானம் முழுக்க அதை உட்கார்ந்து பூட்டினார். கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது. டயர் என் பெருவிரல் அகலம்தான். பின்னால் கேரியர் இல்லை. ஒரு மூட்டை கறிவேப்பிலை வைக்க முடியாத சைக்கிள் என்ன சைக்கிள்?

ஜனவரி 7, செவ்வாய்

எதற்கு வந்தார் என்று இன்றைக்குத் தெரிந்தது. கோத்தகிரி ஏற வேண்டுமாம். சைக்கிளில்.

கதவுக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க மாப்பள, அரை மணிக்கொரு பஸ் போகுதுங்களே?" என்றேன்.

சிரித்தார். "கல்யாணமான புதுசுல உங்க பொண்ணு சொல்லுவாளுங்க. எங்கப்பா லாரிய விட நீங்க மெதுவாத்தான் ஏறுவீங்கன்னு. ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு ஊருக்குக் கிளம்பிடறனுங்க."

ஏறிவிட்டால் கிளம்பிவிடுவாராம். நல்லது.

ஐம்பத்தேழு வயது. பேங்கு வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டார். சென்னை வீட்டில் தனியாள். மகள் மிருதுளா ஹாலந்து தேசத்தில் இருக்கிறாள். என் பேத்தி. அந்த ஊரில் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்களாம். இந்தப் பைத்தியத்தை அவள்தான் அப்பாவுக்கு ஏற்றி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

விடிந்ததும் போனார். ஒன்பதரைக்கெல்லாம் திரும்பிவிட்டார். குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கே போகவில்லை. முகம் செங்கல் நிறம். தண்ணீர் சொம்பைக் கதவிடுக்கு வழியாக நீட்டினேன். மூன்று சொம்பு குடித்தார்.

இறுக்கமான கால்சட்டை ஒன்று போட்டிருக்கிறார். அதைத் துவைத்து வாசல் கொடியில் காயப் போட்டதும் எதிர்வீட்டுச் சரோஜினி வந்து நின்றாள். "ஏனக்கா, உங்க வீட்டுல சர்க்கஸ் கம்பெனி எறங்கியிருக்குதா?" அவளோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பேசவில்லை. கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினேன்.

அவர் குளிக்கப் போனபோது சைக்கிளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பின் சக்கரத்தின் நடுவில் பல் சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், சின்னதிலிருந்து பெரியது வரை பதினொன்று. ஆகப் பெரியதில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து எண்ணினேன். இருபத்தைந்து பல்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றைக்கு நானே கேட்டேன். கதவுக்குப் பின்னால் இருந்துதான். "அந்தப் பின்னாடி அடுக்கு எதுக்குங்க?"

அதற்குக் கேசட் என்று பேராம். எனக்குத் தெரிந்த கேசட் பாட்டுப் போடுவது. சின்னப் பல் சமதரைக்கு, பெரிய பல் மேட்டுக்கு. பல் பெருசாகப் பெருசாக மிதிப்பது இலேசு, ஆனால் வண்டி மெதுவாகப் போகும். இவருடையது சென்னைக்காரன் ஒருவன் பந்தயத்துக்கு வைத்திருந்து விற்றது. சமதரை ஊருக்கு அது சரி.

"அப்ப லாரிக்கு முதல் கியர் மாதிரிங்க" என்றேன்.

"அதேதானுங்க! உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எப்படித் தெரியுமாம். இருபத்தாறு வருஷம் அந்த ரோட்டில் என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது கிழங்கு மூட்டை. எந்த வளைவில் எந்த கியர் என்று சோறு தின்னும்போது கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். அதே ரோட்டில் லாரி ஓட்டியும் முதல் கியர் போட வெட்கப்பட்டவன் பெட்டய்யன். எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், மழைநாளில், இரண்டாவது கியரிலேயே ஏற்றுகிறேன் என்று கிளட்சை எரித்து ரோட்டின் நடுவில் லாரியை நிறுத்திவிட்டான். பின்னால் மாட்டிக்கொண்ட எங்கள் வீட்டுக்காரர் மறுநாள்தான் வந்தார். தமயந்திக்கு ஜுரம், தனியாக வைத்துக்கொண்டு அல்லாடினேன். பெட்டய்யன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. எழவுக்கு நான் போகவில்லை.

ஜனவரி 11, சனி

கோயம்புத்தூர் போய் இருபத்தெட்டுப் பல் வாங்கி மாட்டினார். போதும் என்று அவருடைய சைக்கிள் கூட்டாளி முருகானந்தம் போனில் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஆம்பளைக்கு இருபத்தெட்டு போதும் சார். முப்பத்திரண்டுக்குப் பேரே பாட்டி கியர்!"

அந்த முருகானந்தத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தால் சொல்வதற்கு நாலு வார்த்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

இருபத்தெட்டோடு போனார். செக்போஸ்ட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருக்கிறார். வலது முழங்கால் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் இருந்தா முடிஞ்சிருக்குமுங்க" என்றார்.

"முடிஞ்சிருக்காதுங்க. அதுக்கு மேலதான் மேடே இருக்குது. செக்போஸ்ட்டுக்கு மேல எங்க வீட்டுக்காரரு ரெண்டாவது கியரத் தொட்டதே இல்லை. உங்களுக்கு முப்பத்திரண்டு வேணும்."

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. போன வருஷம் இவ்வளவு இல்லை.

"முப்பத்தி நாலும் கெடைக்குதுங்க" என்றார். "ஆனா சங்கிலிய இழுத்துப் பிடிக்கற கை இந்த வண்டியில குட்டை. முப்பத்திரண்டுக்கு மேல தாங்காது. முப்பத்திரண்டு போட்டா சமதரையில ஒரு பல்லுல இருந்து அடுத்ததுக்கு எட்டிக் குதிக்கற மாதிரி இருக்குமுங்க, அதான் யோசனை."

"நீங்க சமதரையில போறதுக்கா இங்க வந்தீங்க?"

சாயங்காலம் மிருதுளா பேசினாள். அவளும் முப்பத்திரண்டுதான் சொன்னாளாம். நீளமான சங்கிலியும் சேர்த்து அவளே ஆன்லைனில் வாங்கி இந்த விலாசத்துக்கு அனுப்பி வைக்கிறாளாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பித்தளைப் பானையில் வைத்தேன். அந்தப் பானைக்கு ஒரு கதை உண்டு, அதை எழுதப் போவதில்லை. மாப்பிள்ளை கரும்பு வாங்கி வந்தார். எனக்குப் பல் இல்லை என்பதை மறந்துவிட்டார். துண்டு துண்டாக நறுக்கி, இடித்துச் சாறு எடுத்துக் கதவருகில் வைத்தார். குடித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

கூரியர் வந்தது. மாப்பிள்ளை ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போயிருந்தார். "குமரேசன் யாருங்க பாட்டி?" என்று கேட்டான் அந்த ஆள். என் மருமகன் என்றேன். கண்ணாடித் தகட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். தெய்வாத்தாள் என்று முழுசாக எழுத இடம் போதவில்லை. 'தெ' போட்டேன்.

சின்னப் பொட்டலம், நல்ல கனம். கம்புப் பானைக்குள் வைத்திருக்கிறேன். எலி கடித்துவிடக் கூடாது.

ஜனவரி 18, சனி

அவர் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேன்.

ஜனவரி 19, ஞாயிறு

"கூரியர் வந்துதுங்களா அத்தை?" என்றார்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. பொய் எதுவும் சொல்லவில்லை.

பத்து நாள் என்றவர் பதினாலு நாளாக இருக்கிறார். வீட்டில் ஒரு ஆள் இருந்தால் வேலை இரட்டிப்பு. காலையில் இரண்டு தடவை காபி. கொத்தவரங்காய் சாப்பிட மாட்டார். ரேடியோ கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துத் தருவார், அதைப் பொடியாக நறுக்கத் தெரியாது. மத்தியானம் அந்த அறையில் இருமுவார். இருமல் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்கென்ன, என்றைக்குக் கிளம்புவார் என்று காத்திருக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கொத்தவரங்காய்க்குப் பதில் அரசாணிக்காய் செய்தேன். மறுசோறு போட்டுக்கொண்டார்.

பானைக் கதையை எழுதிவிடுகிறேன், வேறு யார் எழுதப் போகிறார்கள். தமயந்தி சென்னையில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்றைக்கு என் அம்மாவின் பித்தளைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். என் பாட்டி, அம்மா, நான் எல்லாரும் அதில்தான் பால் காய்ச்சிக் குடி புகுந்தோம். போனால் அவள் வீட்டில் கரண்டு அடுப்பு. பித்தளை வைத்தால் அது சூடேறாதாம். அவள் நாத்தனார் கொண்டுவந்த எவர்சில்வர் சட்டியில் காய்ச்சினாள். என் பானையில் பூ வைத்து வாசலில் வைத்தாள். பூந்தொட்டி! பந்தி பாதியில் எழுந்து பானையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாலு மாசம் அவளோடு நான் பேசவில்லை.

பேசவில்லை என்றால் கோபத்தில். அது தாய்க்கும் மகளுக்கும் இருப்பது. மாப்பிள்ளை சொல்லாமல் விட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 22, புதன்

இனிக் காத்திருக்க முடியாது என்று இருபத்தெட்டோடேயே கிளம்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. எழுந்து பார்த்தபோது சைக்கிள் இல்லை.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். சரோஜினி, "என்னக்கா தேடற?" என்றாள். "மாப்பிள்ளையக் காணோம்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷம் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒன்றும் கிண்டல் பண்ணாமல் வந்து பக்கத்தில் நின்றாள்.

ஒன்றேகாலுக்கு ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. முட்டைக்கோசு மூட்டைகள் மேல் சைக்கிள். டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை. காலை ஊன்ற முடியவில்லை. முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது.

"சார் சங்கிலி அறுந்து போற மாதிரி மிதிச்சுட்டு இருந்தாருங்கம்மா" என்றான் டிரைவர். "நாந்தான் வண்டியில ஏத்திட்டேன். சாய்ஞ்சு பள்ளத்துப் பக்கம் விழுந்திருந்தா என்ன ஆறது?"

ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் சரோஜினியும் பிடித்து உள்ளே கொண்டு வந்தோம். கதவுக்குப் பின்னால் போக நேரமில்லை. சுக்கை இழைத்துச் சூடாக்கி நானே பற்றுப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியா, நான் முன்னால் உட்கார்ந்திருந்த கூச்சமா தெரியவில்லை.

கம்புப் பானை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

மிருதுளா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"அப்பா, கேசட் பதினேழாந்தேதியே டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது. கையெழுத்துகூட இருக்கு. 'தெ'-ன்னு போட்டிருக்கு. உனக்கும் அன்னிக்கே மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்துச்சும்மா. தப்பா காட்டுது" என்றார் மாப்பிள்ளை. "இந்தத் தெருவுல வேற யாராச்சும் வாங்கியிருப்பாங்க. தேவகின்னு ஒருத்தர் இருக்காங்க. விசாரிக்கறேன்."

இந்தத் தெருவில் தேவகி என்று யாரும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பொட்டலத்தை எடுத்து, ஒட்டியிருந்த கம்பைத் துடைத்து, அவர் கட்டில் ஓரத்தில் வைத்தேன். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் போகவில்லை.

"மாப்பள."

"சொல்லுங்க அத்தை."

"பதினேழாந்தேதியே வந்துது."

"ம்."

"தெரிஞ்சுட்டே கேட்டீங்களா?"

"ஒரு தடவதானுங்க கேட்டேன். நீங்க பாலப் பாத்துட்டு இருந்தீங்க." பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெடைச்சா மாட்டோணும். மாட்டினா ஏறோணும். ஏறினா ஊருக்குப் போகோணும். அங்க போயி என்ன பண்றதுங்க?"

"கால் போச்சே சாமி."

"அது நான் செஞ்ச வேலைங்க. இருபத்தெட்டுல ஏறிட்டா உங்ககிட்ட ஜம்பமா சொல்லலாம்னு போனேன்."

காபி போடப் போனேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அவர் அதையும் குடித்தார்.

ஜனவரி 27, திங்கள்

வீக்கம் வடிந்தது. வாசலில் உட்கார்ந்து பழைய அடுக்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன். எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு சரியாக இருக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

ஏறிவிட்டார்.

மூன்றேகால் மணி நேரம். செக்போஸ்ட்டுக்கு மேல் எல்லாம் முப்பத்திரண்டில்தானாம். "நடக்கறவங்க என்னைய முந்திப் போனாங்க அத்தை. ஆனா முழங்கால் ஒரு வார்த்தை பேசல" என்றார். மாமா லாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். உர மூட்டையோடு இரண்டு மணி நேரம் என்றேன்.

"அப்ப அவ சொன்னது சரிதானுங்க" என்று சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"மாப்பள, நான் எடுக்கலைங்க."

"எதைங்க?"

"தமயந்தி அடிச்ச போனை."

அவர் மிதியைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியுங்க அத்தை."

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில பக்கத்துலதான உக்காந்திருந்தேன். அவளேதான் அடிச்சா. நான் உங்களுக்குச் சொல்றேன்னு சொன்னதுக்கு வேண்டாம்னுட்டா. அம்மா தானா மனசு எறங்கி எடுக்கட்டும், எனக்குச் சொகமில்லைன்னு எடுக்க வேண்டாம்னா. அடுத்த நாள் நினைவு தப்பிருச்சுங்க. அப்பவாவது நான் சொல்லியிருக்கோணும். அது என் தப்புத்தான்."

"நாலு வருஷமா என்றகிட்ட இத்தனை பேச்சு வாங்கினீங்களே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமில்ல?"

மிதியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "எங்கம்மாவுக்கு யாரையாச்சும் வெய்யோணும்னு தமயந்தி சொல்லுவாளுங்க. வெய்யறதுக்கு ஆளில்லாட்டி தன்னையே வெய்ய ஆரம்பிச்சுரும், அப்புறம் நிறுத்தாதுன்னு. அதான், நான் இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன்."

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று ராத்திரி ரயிலில் போனார். காலையில் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். வீடு பூட்டியே கிடந்ததால் தூசியாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இனிமேல்தான் என்றார். அவருக்கும் வேறு பேச்சு இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

வெங்காயம் உரித்தேன். அந்த அறையைக் கூட்டவில்லை.

இந்த டைரியில் அந்தத் தேதி இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

2021 மார்ச் 9, செவ்வாய்

காலை பத்தே முக்கால். முறத்தில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தமயந்தி என்று எழுத்து வந்தது. பானைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் அடிக்கிறாள், கொஞ்சம் அடிக்கட்டும் என்று இருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ரொம்ப நேரம் அடித்தது. முறத்தைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாலாவது தடவை அடித்தால் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.